லாரியில் வந்ததா ஓநாய்?

கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் பக்கம் மேய்ச்சலுக்குப் போன ஆடு பொழுது சாய்ந்தும் லைன் வீட்டுக்குத் திரும்பவில்லை என்றால், ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தெருநாய்கள் அடித்திருக்கும். மூடாத குழியில் விழுந்திருக்கும். எவனோ வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருப்பான். இதெல்லாம் பேசித் தீர்ந்த பிறகு, கூட்டத்தில் ஒருவர் குரலைத் தாழ்த்துவார்: “ஃபாரஸ்ட்காரங்க ராத்திரியோட ராத்திரியா லாரியில கொண்டாந்து வுட்டுட்டாங்களாம்.” எதை என்று கேட்டால் ஒருநாள் சிறுத்தை, இன்னொரு நாள் ஓநாய். லாரியைக் கண்ணால் பார்த்தவர் எப்போதும் பக்கத்து ஊர்க்காரராகவே இருப்பார். அந்த ஊரில் போய் விசாரித்தால், அவர் அதற்கும் அடுத்த ஊர்.

சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுக்குப் பின்னால் ஆடு மேய்க்கும் ஒரு மூதாட்டியிடம் கேட்டேன்: “ஆயா, ஓநாய நீங்க பாத்திருக்கீங்களா?”

“நான் பாக்கல கண்ணு. ஆனா ஆடு போனது நெசம். அதுக்கு யாரு பதில் சொல்லுவாங்க?”

இந்தக் கட்டுரை அவருடைய கடைசிக் கேள்வியைப் பற்றியது. அதற்குப் போகுமுன் அந்த லாரியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். தங்கவயலில் மட்டும் ஓடும் லாரி இல்லை அது. உலகத்தின் பாதிக் கிராமங்களில் ஏதோ ஒரு பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் மான் வேட்டைக்காரர்களைக் கேட்டால், கயோட் என்ற நரியினத்தைக் காட்டில் கொண்டுவந்து விட்டதே இன்சூரன்ஸ் கம்பெனிகள்தான் என்பார்கள். சாலையில் மான் குறுக்கே பாய்ந்து கார்கள் நொறுங்குகின்றன, இழப்பீடு கொடுத்து மாளவில்லை, அதனால் மானைத் தின்னும் மிருகத்தை ரகசியமாக இறக்கிவிட்டார்கள் என்பது கதை. அந்த மாநிலத்தின் வேட்டைத் துறை பலமுறை மறுத்தும் பேச்சு அடங்கவில்லை. பிரான்ஸில் 1970களின் கடைசியிலும் 80களிலும், ஹெலிகாப்டரிலிருந்து பெட்டி பெட்டியாக விரியன் பாம்புகளைக் கொட்டுகிறார்கள் என்று ஊர் ஊராகப் பேச்சு பரவியது. வெரோனிக் காம்பியன்-வின்சென்ட் என்ற ஆய்வாளர் இந்த வகைப் பேச்சுகளை மட்டுமே எடுத்துக்கொண்டு விரிவாக எழுதியிருக்கிறார்.

அதே பிரான்ஸில் 1992 நவம்பரில், இத்தாலி எல்லையை ஒட்டிய மெர்கந்தூர் தேசியப் பூங்காவில் இரண்டு ஓநாய்கள் தென்பட்டன. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓநாய் வாசனையே இல்லாத நாடு. செம்மறி வளர்ப்பவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்: யாரோ விட்டிருக்கிறார்கள். விவகாரம் முற்றி, நாடாளுமன்றமே ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. மரபணுச் சோதனையில் அவை இத்தாலிய ஓநாய்கள் என்று தெரிந்தது. இத்தாலி 1970களில் ஓநாய் வேட்டையைத் தடுத்த பிறகு அவை பெருகி, மலைத்தொடர் வழியாக நடந்தே வந்திருக்கின்றன. இன்றைக்கும் அதை நம்பாதவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

நம் ஊர்ப் பேச்சையும் இந்தப் பட்டியலில் சேர்த்து, படிக்காதவர்களின் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். நான் அப்படி ஒதுக்கத் தயாராக இல்லை. காரணம், நம் நாட்டில் அந்த லாரி உண்மையாகவே ஓடியிருக்கிறது.

ஜுன்னரில் நடந்தது

புனேவுக்கு வடக்கே ஜுன்னர் வனக்கோட்டம். அணைத் தண்ணீர் வந்து கரும்பு செழித்த பூமி. ஆளுயரக் கரும்புக்குள் சிறுத்தைகள் குட்டி போட்டு, நாயையும் பன்றியையும் தின்று வாழப் பழகிவிட்டன. 2001 முதல் 2003 வரை அங்கே 100-க்கும் மேற்பட்ட சிறுத்தைகளைக் கூண்டு வைத்துப் பிடித்தார்கள். பிடித்தவற்றில் பலவற்றை வண்டியில் ஏற்றி வேறு காடுகளில் இறக்கினார்கள். இறக்கிவிடும் காட்டின் ஓரத்தில் இருந்த ஊர்களுக்கு யாரும் தண்டோரா போடவில்லை.

வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவும் அவருடைய சகாக்களும் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். இடமாற்றம் தொடங்குவதற்கு முன்பு ஜுன்னர் வட்டாரத்தில் சிறுத்தை மனிதரைத் தாக்கிய சம்பவங்கள் ஆண்டுக்குச் சராசரியாக 4. இடமாற்றம் மும்முரமாக நடந்த காலத்தில் அது 17 ஆனது. அடையாளம் தெரியாத காட்டில் இறக்கிவிடப்பட்ட சிறுத்தை அங்கேயே தங்குவதில்லை. பழைய இடத்தைத் தேடி நடக்கிறது. போகிற வழியில் எது தண்ணீர்த்துறை, எது மனிதர் புழங்கும் பாதை என்று அதற்குத் தெரியாது. கூண்டில் பட்ட காயம் வேறு, மனிதர்கள் கூடிநின்று கத்திய மிரட்சி வேறு. 2009-இல் இந்தக் குழு ஆஜோபா என்று பெயர் வைத்த ஒரு கிழட்டு ஆண் சிறுத்தைக்குக் கழுத்துப்பட்டை மாட்டி மால்ஷேஜ் கணவாயில் விட்டது. அது சாலைகளையும் ரயில் பாதையையும் தாண்டி, 100 கிலோமீட்டருக்கு மேல் நடந்து மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. பட்டை இல்லாமல் இருந்திருந்தால், வழியில் அதைப் பார்த்த ஒவ்வோர் ஊரும் ‘யாரோ இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்’ என்றுதான் சொல்லியிருக்கும்.

2011 ஏப்ரலில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, கண்ட இடத்தில் பிடித்துக் கண்ட இடத்தில் விடும் வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. கைவிடுவது எளிதாக இல்லை. ஊர் திரண்டு ரேஞ்சரைச் சூழ்ந்துகொண்டால் அவர் கூண்டு வைத்தே ஆக வேண்டும். கூண்டில் விழுந்ததை எங்கேயாவது கொண்டுபோயே ஆக வேண்டும். மைசூரு மாவட்டம் டி. நரசீபுரத்தில் 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் சிறுத்தை அடித்து உயிர்கள் போனபோது, கர்நாடக அரசு சிறுத்தைக்கென்றே ஒரு தனிப்படை அமைத்தது. கிராமத்தில் பிடித்த சிறுத்தையைத் தொலைக் காட்டில் விடுவது இந்த மாநிலத்தில் எவ்வளவு சகஜமாக நடந்திருக்கிறது என்று சஞ்சய் குப்பி போன்ற ஆய்வாளர்கள் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். குரங்கு விஷயத்தில் இன்னும் வெளிப்படை: நகரத்தில் வலை போட்டுப் பிடித்த குரங்குகள் ஊருக்கு வெளியே ஏதாவது குன்றடியில் திறந்துவிடப்படுவதைப் பார்க்காதவர்கள் நம் பக்கத்தில் குறைவு.

ஆக, “கொண்டாந்து வுட்டுட்டாங்க” என்று சொல்கிறவர் புத்தி கெட்டுப் பேசவில்லை. வன இலாகா இதைச் செய்யக்கூடியது என்று அவருக்குத் தெரியும். செய்தால் தன்னிடம் சொல்லாது என்பதும் தெரியும்.

பட்டாசு வெடித்தால் யானை யார் பக்கம்?

தங்கவயலுக்குத் தெற்கே காமசமுத்திரம், பூதிக்கோட்டை வட்டாரத்துக்குப் போனால் இந்தச் சந்தேகம் இன்னும் கூர்மையாக இருக்கும். அங்கே விஷயம் யானை.

எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் பல தலைமுறைகளாக யானையே இல்லாமல் இருந்தது. 1980களில் ஓசூர், தளி பக்கத்துக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் கிளம்பி எல்லை தாண்டிப் போயின. அவற்றுக்காகவே ஆந்திரம் 1990-இல் கௌண்டின்யா சரணாலயத்தை ஏற்படுத்தியது. அன்று தொடங்கி தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் சந்திக்கும் இந்த முக்கில் யானைகள் போவதும் வருவதுமாக இருக்கின்றன. கேழ்வரகு கதிர் வாங்கும் நேரத்தில் கூட்டம் இறங்கும். தக்காளித் தோட்டம் ஒரே ராத்திரியில் சகதியாகும். விவசாயிகள் செத்திருக்கிறார்கள். தாழ்வாகத் தொங்கிய மின்கம்பியில் பட்டு யானைகளும் செத்திருக்கின்றன.

யானை வந்த தகவல் கிடைத்ததும் வனக்காவலர்கள் பட்டாசும் தீப்பந்தமுமாக வருவார்கள். ஊர் இளைஞர்களும் சேர்ந்துகொள்வார்கள். விரட்டினால் யானை போகும். எங்கே போகும்? எல்லைக்கு அந்தப் பக்கம். மறுநாள் அந்தப் பக்கத்துக் காவலர்கள் அதே பட்டாசைக் கொளுத்துவார்கள். குப்பத்துக்காரர் கோலார் இலாகாவைத் திட்டுவார். காமசமுத்திரத்துக்காரர் வேப்பனப்பள்ளிக் காவலர்களைத் திட்டுவார். ‘உங்க ஆளுங்கதான் எங்க மேல தள்ளிவுட்டாங்க’ என்ற வசை மூன்று மொழிகளிலும் ஒரே பொருளில் சொல்லப்படுகிறது, அதில் பொய்யும் இல்லை. ராத்திரியில், சொல்லாமல், ஒரு மிருகத்தை இன்னொரு ஊரின் மேல் தள்ளிவிடுவது இங்கே நாற்பது வருஷமாகக் கண்ணெதிரே நடக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஓநாயைப் பற்றியும் அப்படி நினைப்பதில் என்ன வியப்பு இருக்கிறது?

தங்கவயல்காரர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஊரைப் பற்றிய முடிவுகளைக் கடைசியில் தெரிந்துகொள்ளும் பழக்கம். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்த நாள் முதல் அப்படித்தான். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில் இறங்கி வேலை செய்தார்கள். கீழே ராக் பர்ஸ்ட், அதாவது பாறை வெடிப்பு, என்றால் மேலே லைன் வீட்டுச் சுவர் அதிரும். யார் போனார்கள் என்று தெரிய குடும்பங்கள் சுரங்கத்தில் இறங்கும் சாஃப்ட் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். 2001 பிப்ரவரி 28-இல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. கோடிக்கணக்கான டன் சயனைடு மண் மட்டும் மேடு மேடாக நின்றது. வெயில் காலத்தில் காற்றடித்தால் இன்றும் வெள்ளைப் புழுதி வீட்டுக்குள் வந்து இறங்குகிறது. அதில் என்னென்ன இருக்கிறது என்று வீடு வீடாக வந்து சொன்ன அதிகாரி யாரும் இல்லை. அப்படிப்பட்ட ஊரில், ஆடு காணாமல் போனால் ‘மேலிடத்தில் ஏதோ செய்திருக்கிறார்கள்’ என்று எண்ணம் ஓடுவது அனுபவத்தில் வந்தது.

விடுவதற்கு ஓநாய் எங்கே?

இத்தனை சொன்ன பிறகும், ஓநாய் லாரியில் வந்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சிறுத்தைக்கு நான் சொன்ன நியாயம் ஓநாய்க்குப் பொருந்தாது. சிறுத்தை ஆட்டைக் கட்டிய கூண்டுக்குள் நுழைந்துவிடும். ஓநாய் லேசில் நுழையாது. 2024-இல் உத்தரப்பிரதேசத்தின் பஹ்ரைச் மாவட்டத்தில் ஓநாய்களைப் பிடிக்க ட்ரோன், வெப்பத்தைக் காட்டும் கேமரா, வலை, குழந்தைகளின் சிறுநீரில் நனைத்த பொம்மைகள் என்று எல்லாவற்றையும் பயன்படுத்தினார்கள். அத்தனை பரிவாரத்தோடு ஆறு ஓநாய்களுக்காக வாரக்கணக்கில் அலைந்தார்கள்.

மிருகத்தை அரசு உண்மையாகவே கொண்டுவந்து விட்டால் அது எப்படி இருக்கும் என்பதையும் நாம் பார்த்தாயிற்று. 2022 செப்டம்பர் 17-இல் நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிப்புலிகள் விமானத்தில் வந்து குனோ தேசியப் பூங்காவில் இறங்கின. கூண்டு, கழுத்துப்பட்டை, தனிமைப்படுத்தும் வேலி, மருத்துவர்கள், பிரதமர், தொலைக்காட்சி. அமெரிக்காவில் 1995, 1996 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து யெல்லோஸ்டோன் பூங்காவில் விட்டதும் ஊரறிய, வழக்கு, விவாதம் எல்லாம் நடந்த பிறகுதான்.

எல்லாவற்றுக்கும் மேல், விடுவதற்கு ஓநாய் வேண்டுமே? இந்தியா முழுவதிலும் சேர்த்து இன்று ஏறத்தாழ 3,000 ஓநாய்களே இருக்கின்றன என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. நம் புலிகளைவிட அதிகம் இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் தலைக்கு இவ்வளவு என்று பரிசு வைத்துக் கொன்றார்கள். 1875 முதல் 1925 வரையான ஐம்பது ஆண்டுகளில் 2 லட்சம் ஓநாய்கள் இப்படிக் கொல்லப்பட்டன என்று வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டிருக்கிறார். மிச்சம் மீதியை ஆட்டுக்காரர்களின் விஷமும் குட்டிகள் இருக்கும் பொந்தில் போட்ட புகையும் பார்த்துக்கொண்டன. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு உள்ள அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு ஓநாய்க்கும் உண்டு என்பது பல பேருக்குத் தெரியாது.

கர்நாடகத்தில் ஓநாய்க்கென்று மேலுக்கோட்டையில் 1974-இலேயே ஒரு சரணாலயம் அமைத்தார்கள். அண்மையில் கொப்பள் மாவட்டம் கங்காவதி தாலுகாவில் பங்காபுரம் என்ற இடத்தில், சுமார் 332 ஹெக்டேரில் இன்னொன்று வந்திருக்கிறது. தும்கூரு மாவட்டம் மதுகிரி தாலுகாவின் மைதனஹள்ளியில் வெளிமான்களுக்காக ஒதுக்கிய புல்வெளியிலும் ஓநாய்கள் பதிவாகியிருக்கின்றன. ஒரே ராத்திரியில் இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய மிருகம் அது. வாலிபத்தில் கூட்டத்தைவிட்டுப் பிரிந்து புது இடம் தேடி மிகத் தொலைவு போகும். தங்கவயல் பக்கம் என்றைக்காவது ஓநாய் தென்பட்டால், அது தன் காலில் நடந்தே வந்திருக்கும்.

வந்தால் அதற்கு இங்கே இடமும் உண்டு. இந்த வறண்ட பூமியை, முள்ளும் புல்லும் பாறையுமாகக் கிடக்கும் வெளியை, அரசாங்க ஏடு தரிசு என்று எழுதிவைத்திருக்கிறது. தரிசு என்று எழுதிவிட்டால் அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் ஓநாயின் வீடு அடர்ந்த காடு கிடையாது, இந்த வெட்டவெளிதான். ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தின் அபி தமீம் வனக் போன்றவர்கள் பல ஆண்டுகளாக இதைச் சொல்லிவருகிறார்கள். சுரங்கம் மூடிய பிறகு ஆள் நடமாட்டம் குறைந்த கம்பெனி நிலத்தில் வெளிமான்கள் மேய்கின்றன. மாரிக்குப்பம் ரயிலேறி விடிகாலையில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் ஊருக்குப் பின்னால் இப்படி ஒரு புல்வெளி இருக்கிறது. பாரத் கோல்டு மைன்ஸ் கையிலிருந்த 12,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் தொழிற்பேட்டைக்கு எடுக்கும் பேச்சு வெகுநாளாக நடக்கிறது. வேலை வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஊர்ப் பிள்ளைகள் தினமும் ரயிலில் தொங்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறவர் எவரும் மறுக்க மாட்டார். அந்த நிலத்தில் எது உயிரோடு இருக்கிறது என்று ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, பிறகு அளவுக்கல் நடட்டும்.

இதே சுற்றுவட்டாரத்தில் முன்பு என்னவெல்லாம் இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி. 1952-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் கிர்க்பாட்ரிக் என்பவர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். சித்தூர் மாவட்டத்தில் சிவிங்கிப்புலி பார்த்த குறிப்பு அது. இந்தியாவில் அந்த இனம் அழிந்துபோவதற்கு முன் கடைசியாக எழுதப்பட்ட சில பதிவுகளில் ஒன்று, தங்கவயலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மாவட்டத்தைப் பற்றியது. எழுபது வருஷம் கழித்து அதே மிருகத்தை ஆப்பிரிக்காவிலிருந்து விமானத்தில் கொண்டுவந்தோம்.

செத்த ஆடு சொல்லும் சேதி

சரி, ஆட்டைக் கொன்றது எது? பெரும்பாலும் செத்த ஆட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். பார்க்கத்தான் ஆளில்லை.

சிறுத்தை அடித்த ஆட்டின் தொண்டையில் கோரைப்பல் இறங்கிய குழிகள் ஆழமாக, சுத்தமாக இருக்கும். கொன்ற இடத்தில் தின்னாது; புதருக்கோ பாறை இடுக்குக்கோ இழுத்துப்போன தடம் மண்ணில் கோடாகக் கிடக்கும். கால்தடம் வட்டமாக, நகம் பதியாமல் இருக்கும். ஓநாயின் தடம் நீளவாக்கில், முன்விரல் இரண்டும் முன்னுக்குத் தள்ளி, நகக்குறியோடு பதியும். குட்டியாடாக இருந்தால் கவ்விக்கொண்டே போய்விடும். பட்டியில் இரத்தத் துளியைத் தவிர எதுவும் மிஞ்சாது. பெரிய ஆடென்றால் வயிற்றிலும் தொடையிலும் கிழித்துத் தின்றிருக்கும். தெருநாய்க் கூட்டம் அடித்ததை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். காது, வால், பின்னங்கால், விலா என்று கண்ட இடமெல்லாம் கடி. ஒன்றுக்கு ஐந்தாறு ஆடுகள் குதறப்பட்டு, தின்னப்படாமல், சில உயிரோடு முனகிக்கொண்டும் கிடக்கும்.

பார்வைக்கும் குழப்பம் வரும். ஓநாய் இருபது கிலோ சொச்சம் எடையுள்ள, நெடுங்கால் மிருகம். வறண்ட புல்லின் நிறம். வெயில் காலத்தில் முடி கொட்டி நோஞ்சானாகத் தெரியும். அந்திக் கருக்கலில் ஒரு பெரிய நாட்டு நாய்க்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். நரி அதில் பாதிதான் இருக்கும். இந்தப் பாறைக் குன்றுகளில் கழுதைப்புலியும் உண்டு. முதுகு பின்னுக்குச் சரிந்து, உடம்பில் வரி ஓடியிருந்தால் அது கழுதைப்புலி. புனேவுக்கு அருகே ஓநாயும் நாயும் கலந்து பிறந்த குட்டிகளை மரபணுச் சோதனையில் உறுதிசெய்திருக்கிறார்கள். இனிமேல் பார்த்த மாத்திரத்தில் அடித்துச் சொல்வது இன்னும் சிரமமாகும். ஊர்க் குப்பையையும் இறைச்சிக்கடைக் கழிவையும் தின்று பெருகிய நாய்க் கூட்டங்கள் ஆட்டுக்கும் எதிரி, ஓநாய்க்கும் எதிரி. வெறிநோயையும் டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோயையும் அவை ஓநாய்க்குக் கொண்டுபோய்க் கொடுக்கின்றன.

ஊரில் இந்த வித்தியாசம் பார்க்கப்படுவதில்லை. ‘ஓநாய் வுட்டுட்டாங்க’ என்ற பேச்சு கிளம்பிய மறுநாளே செத்த ஆட்டின் உடம்பில் குருணை மருந்து தடவப்படுகிறது. அல்லது பன்றிக்கு வைக்கும், கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காயை வேலியோரம் வைக்கிறார்கள். சுருக்குக் கம்பி கட்டுகிறார்கள். காட்டு வேட்டை சட்டப்படி முடிந்து அரை நூற்றாண்டாகியும் நாட்டுத் துப்பாக்கியும் முயல் கண்ணியும் இந்தப் பக்கத்தில் ஒழியவில்லை. வதந்தி வந்தால் அவற்றுக்கு ஊரைக் காக்கும் வேலை என்று ஒரு மரியாதை கிடைத்துவிடுகிறது. விஷம் தின்று சாவது நரி, கழுதைப்புலி, கழுகு, சில நேரம் மேய்ப்பவரின் சொந்த நாய்.

அதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. ஓநாய் மனிதரை அடிக்காது என்று நான் சொல்லவரவில்லை, அடித்திருக்கிறது. 1996-இல் கிழக்கு உத்தரப்பிரதேசத்தில் பிரதாப்கர், சுல்தான்பூர், ஜான்பூர் மாவட்டங்களில் 76 குழந்தைகள் தாக்கப்பட்டார்கள். ஆய்வாளர்கள் ஒய்.வி. ஜாலாவும் தினேஷ் குமார் சர்மாவும் அதை நேரில் ஆராய்ந்தார்கள். காவல் இல்லாத ஏழைக் குடிசைகள், கதவில்லாத வீடுகள், வெட்டவெளியில் தூங்கிய குழந்தைகள். ஆனால் ஊரில் அன்று ஓடிய பேச்சு வேறு: ஓநாயாக மாறும் மனிதன் திரிகிறான், எல்லை தாண்டி வந்தவர்கள் ஓநாய்த் தோல் போர்த்திக்கொண்டு பிள்ளைகளைத் தூக்குகிறார்கள். அந்தப் பேச்சை நம்பி, அந்நியர் என்ற ஒரே காரணத்துக்காக அப்பாவி மனிதர்களை அடித்துக் கொன்றார்கள். கதவும் வெளிச்சமும் கேட்க வேண்டிய கோபம் வழிப்போக்கர் மேல் பாய்ந்தது.

தூரத்து வடநாட்டுக் கதை என்று இதைத் தள்ள முடியாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிப் போன சென்னைக் குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊர் சூழ்ந்தது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர்கள் செய்த குற்றம். 65 வயதுப் பெண் ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். அதே மாதம் பெங்களூரு சாமராஜ்பேட்டையில், பிழைப்புக்காக வந்த ராஜஸ்தான் இளைஞர் ஒருவரை இதே பேச்சு பலிகொண்டது. தங்கவயலின் பாதிக் குடும்பங்களுக்குச் சொந்தபந்தம் அந்தத் திருவண்ணாமலை, வேலூர் பக்கம். தினப்பிழைப்பு இந்தப் பெங்களூரில். இரண்டு ஊர்களிலும் வாட்ஸ்அப்பில் வந்ததுதான் கொன்றது. லாரியில் ஓநாய் வந்த கதையும் இப்போது அதே வழியாகத்தான் ஊர் ஊராகப் போகிறது. எங்கேயோ எடுத்த படம், யாருடையதோ குரல், ‘நம்ம ஏரியா, உஷார்’ என்ற தலைப்பு.

பதில் சொல்ல வேண்டியவர்கள்

ஆயாவின் கேள்விக்கு வருகிறேன். ஒரு ஆடு போனால் அந்த வீட்டுக்கு எத்தனை ஆயிரம் நஷ்டம் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் வனத்துறையிலும் இருக்கிறார்கள். கர்நாடக வனத்துறையின் உதவி எண் 1926. வனவிலங்கு அடித்த கால்நடைக்கு இழப்பீடு உண்டு. மனுக்களை ‘இ-பரிகாரா’ என்ற கணினி முறையில் ஏற்கிறார்கள். செத்த உடம்பை நகர்த்தாமல், பக்கத்தில் ஒரு தீப்பெட்டியோ செருப்போ வைத்துக் கடிகாயத்தையும் கால்தடத்தையும் போனில் படமெடுத்து, கால்நடை மருத்துவரின் சான்றோடு கொடுக்க வேண்டும். மைசூர் மைன்ஸில் நான் பேசியவர்களில் இந்த எண்ணை அறிந்தவரைக் காணவில்லை. தெருநாய் கொன்ற ஆட்டுக்கு வனத்துறை தராது, அது வனவிலங்கு இல்லை. அதனாலேயே நாய் அடித்ததையும் சிறுத்தை என்று சொல்ல ஓர் ஆசை எழுகிறது. நாய் அடித்த ஆட்டுக்கும் நகரசபையோ கால்நடைத் துறையோ ஏதாவது தரும் என்றால், அந்த ஊரில் சிறுத்தையும் ஓநாயும் பாதி குறைந்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். கோலார் வனக்கோட்டத்தில் எந்த மிருகத்தைப் பிடித்தாலும், எங்கே பிடித்தது, எந்தத் தேதியில் எங்கே விட்டது என்பதைப் பொதுவில் எழுதி ஒட்ட வேண்டும். பாம்பாக இருந்தாலும், குரங்காக இருந்தாலும், யானையை எந்த எல்லைவரை விரட்டினார்கள் என்பதாக இருந்தாலும். பாதுகாப்புக்காகச் சில இடங்களின் பெயரைச் சொல்ல முடியாது என்று அதிகாரிகள் சொல்வார்கள். வேட்டைக் கும்பல் இருக்கும் வரை அதில் நியாயமும் உண்டு. அப்படியானால் தாலுகாவின் பெயரையாவது எழுதட்டும். மூன்று மாநில இலாகாக்களும் ஒருவருக்கொருவர் அனுப்பும் யானைத் தகவலைப் பஞ்சாயத்துகளுக்கும் அனுப்பட்டும். பங்காருப்பேட்டை வனச்சரக அலுவலகத்திலும் மாரிக்குப்பம் ரயில் நிலையத்திலும் மாதம் ஒரு காகிதம், தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும். விட்டது ஒன்றும் இல்லாத மாதத்தில் ‘எதுவும் விடப்படவில்லை’ என்று எழுதி, ரேஞ்சர் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும்.